வட்டம், ஆரம்

பதினொன்றாம் பக்கத்தில் கேட்கிறது படிவம்:
உங்கள் கல்லூரி வட்டாரமா, தேசியமா?
கட்டம் இரண்டு. பேனா ஒன்று.
கீழே பொடி எழுத்தில் விதி:
பிற மாநில மாணவர் நூற்றுக்கு முப்பது இருந்தால்
தேசியம்.
ஒரு தலை குறைந்தாலும் வட்டாரம்.

டத்தோ கிராமாட் சாலையில்
கார் உதிரிப்பாகக் கடைக்கு மேலே மூன்று மாடி,
பழுதான ஒரு லிப்ட்,
அறுநூற்றுப் பத்துப் பேர்.
அவர்களின் முகவரிகளை எண்ணுவது என் வேலை.

பாலிக் புலாவ் ஹஸ்னிதா
விடியுமுன் பஸ் ஏறி மலையைச் சுற்றி
நெரிசலில் ஒன்றரை மணி நேரம் தூங்கி வருகிறாள்.
அவள் உள்ளூர்.

கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் பாரிட் புந்தார், சியூ மின் வீடு.
இக்கரையில் நிபோங் திபால், சர்வினி வீடு.
ஒரே ரயில், ஒரே பெட்டி, பட்டர்வொர்த்தில் ஒரே பெர்ரி,
ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை
இருவரும் பிரித்துத் தின்கிறார்கள்.
ஒருத்தி எங்களைத் தேசியம் ஆக்குகிறாள்.
மற்றவள் ஆக்கவில்லை.
இத்தனை உயர்கல்வி தன்மேல் ஓடுவது
அந்த ஆற்றுக்குத் தெரியாது.

போன வருடம் நாங்கள் வட்டாரம், வடக்கு, நான்காம் இடம்.
வாசலில் பேனர் தொங்குகிறது.
டீன் ஓய்க்கு அது போதவில்லை.
"தேசியத்தில் எழுபதாவது வந்தாலும் சரி,
கோலாலம்பூர்க்காரன் நம் பெயரை ஒருமுறை வாசிப்பான்" என்கிறார்.
ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று
வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.
ஹொக்கியன்காரரிடம் இலுப்பையை எங்கிருந்து தொடங்குவது?
இலுப்பைப்பூவை ஆலைக்கணக்கில் சேர்த்தால்
அது எழுபதாவது சர்க்கரை,
அவ்வளவுதான் கேட்கிறார் மனிதர்.

சாப்பாட்டு நேரத்தில் வட்டாரத்தை உடைத்துப் பார்த்தேன்.
வட்டம். ஆரம்.
இலக்கணம் ஒப்புமோ என்னவோ.
யாரோ காம்பஸ் முள்ளை எங்கோ ஊன்றியிருக்கிறார்கள்,
எங்கள் வாசலில் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

மூன்றுமுறை எண்ணினேன்.
நூற்று எண்பத்து மூன்று.
சரியாக முப்பது விழுக்காடு.
டீன் ஒரு தட்டு கறிபாப் வாங்கி வைத்தார்.

நாலே முக்காலுக்குக் கவுண்டரில் லோகவர்மன்.
கையில் ஹெல்மெட், ஹெல்மெட்டில் மழை.
"அக்கா, அட்ரஸ் மாத்தணும்.
கூலிம் வீட்டை விட்டுட்டோம்.
இப்ப குளுகோர்ல, அண்ணன் பிளாட்.
கடன் கடுதாசி எல்லாம் பழைய வீட்டுக்கே போவுது."

நாளைக்கு வா தம்பி, என்று சொல்லலாம்.
பொய் இல்லை. கவுண்டர் ஐந்துக்கு மூடும்.
படிவமும் ஐந்துக்குத்தான் போகும்.
நாளைக்கு அவன் எங்கே குடியிருந்தால் எனக்கென்ன.

ஹெல்மெட்டை மேசையில் வைத்தான்.
தண்ணீர் மெதுவாகப் படிவத்தை நோக்கி வந்தது.
படிவத்தை நகர்த்தினேன்.
பிறகு விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.

11700 குளுகோர், பினாங்கு.
நூற்று எண்பத்து இரண்டு.

"ஒருவன் வீடு மாறிவிட்டான்" என்றேன் டீனிடம்.
அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.
இரண்டு கறிபாப் மீதி இருந்தது.
"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நவம்பரில் பட்டியல் வந்தது.
வட்டாரம், வடக்கு, ஐந்தாம் இடம்.
பேனர் மாற்ற யாரும் காசு ஒதுக்கவில்லை,
நான்கு நான்காகவே தொங்குகிறது,
ஒரு மூலை கிழிந்து.

லோகவர்மன் தினமும் மோட்டாரை அதன் அடியில்தான் போடுகிறான்.
அந்த நாலுக்குக் கீழே நிறுத்தினால்
சீட்டு சுடாதாம்.